டூரண்ட் கோப்பை 1940: பிரிட்டிஷ் படையணியை டெல்லியில் வீழ்த்திய முதல் இந்தியக் கழகம்

புதுடெல்லி, லக்ஷ்மிபாய் நகர்: ஆசியாவின் மிகப் பழமையான கால்பந்துப் போட்டியாகக் கருதப்படும் டூரண்ட் கோப்பையை இந்தியக் கழகம் ஒன்று முதன்முறையாகக் கைப்பற்றிய நாள் 1940 டிசம்பர் 12. புதுடெல்லியின் இர்வின் ஆம்பிதியேட்டர் அரங்கில் அன்று நடைபெற்ற இறுதி ஆட்டத்தில், கல்கத்தாவைச் சேர்ந்த முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் வார்விக்ஷயர் படையணியை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. 1888-ஆம் ஆண்டு தொடங்கிய அப்போட்டியில் அதுவரை எந்த இந்தியக் கழகமும் வாகை சூடியதில்லை.

டூரண்ட் கோப்பை சிம்லாவிலிருந்து டெல்லிக்கு இடம் மாறியதும் அதே ஆண்டில்தான். ஆட்சியாளர்களின் கோடைத் தலைநகரில் வேரூன்றியிருந்த ஒரு ராணுவப் போட்டி, தலைநகருக்கு இறங்கி வந்த முதல் ஆண்டிலேயே இந்தியர்களின் கைக்குச் சென்றது. அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்கு அப்போட்டி நடைபெறவில்லை. எனவே, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் நடந்த கடைசி டூரண்ட் கோப்பையும் அதுவே.

அந்த ஆட்டம் நடந்த அரங்கம் இன்று மேஜர் தியான் சந்த் தேசிய அரங்கம் என்ற பெயரில் இந்தியா கேட் அருகே நிற்கிறது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி அமைந்துள்ள லக்ஷ்மிபாய் நகரிலிருந்து அது சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. லக்ஷ்மிபாய் நகர் உள்ளிட்ட தெற்கு டெல்லியின் அரசு ஊழியர் குடியிருப்புகள் சுதந்திரத்துக்குப் பின்னர் உருவானவை. 1940-இல் அரங்கம் இருந்தது, இக்குடியிருப்புகள் இல்லை.

இங்கிலாந்தில் பிறந்த ஆட்டமுறை

தோற்ற அணி உடனே வெளியேற, வென்ற அணி அடுத்த சுற்றுக்கு முன்னேறும் நாக்-அவுட் முறைக்குக் கால்பந்தில் அடித்தளமிட்டது இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை. இங்கிலாந்து கால்பந்து சங்கத்தின் செயலாளராக இருந்த சார்லஸ் அல்காக் 1871-இல் முன்வைத்த யோசனையின் பேரில் அது தொடங்கப்பட்டது. தாம் பயின்ற ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்கு இடையே நடந்த போட்டியே அவருக்கு முன்மாதிரியாக அமைந்தது.

முதல் பருவத்துக்கு 15 அணிகள் பெயர் கொடுத்தன. 1872 மார்ச் 16-ஆம் தேதி லண்டனின் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில், அல்காக் தலைமையிலான வாண்டரர்ஸ் அணி 1-0 என்ற கணக்கில் ராயல் எஞ்சினியர்ஸ் அணியை வென்றது. தோற்ற அணி ராணுவப் பொறியாளர்களைக் கொண்டது. கால்பந்தின் தொடக்கக் காலத்தில் ராணுவம் எத்தகைய இடத்தை வகித்தது என்பதற்கு இது ஒரு சான்று. கடல் கடந்து சென்ற அந்த ராணுவமே கால்பந்தையும் நாக்-அவுட் முறையையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

டூரண்ட் கோப்பையை உலகின் மூன்றாவது பழமையான கால்பந்துப் போட்டி என்று குறிப்பிடுவது வழக்கம். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையும் ஸ்காட்லாந்துக் கோப்பையும் மட்டுமே அதற்கு முந்தியவை என்பது அதன் பொருள். எனினும், 1877-78 பருவத்தில் தொடங்கிய வேல்ஸ் கோப்பையும் 1880-81 பருவத்தில் தொடங்கிய அயர்லாந்துக் கோப்பையும் காலத்தால் டூரண்ட் கோப்பைக்கு முற்பட்டவை. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இத்தனை நீண்ட வரலாறு கொண்ட கால்பந்துப் போட்டிகள் மிகச் சிலவே என்பதில் ஐயமில்லை.

சிம்லாவில் தொடக்கம்

போட்டிக்குப் பெயர் தந்தவர் சர் ஹென்றி மார்டிமர் டூரண்ட். 1850-இல் போபால் அருகே உள்ள செஹோரில் பிறந்த அவர், 1884 முதல் 1894 வரை பிரிட்டிஷ் இந்திய அரசின் வெளியுறவுச் செயலாளராகப் பணியாற்றினார். ஆப்கானிஸ்தானுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே 1893-இல் வகுக்கப்பட்ட டூரண்ட் எல்லைக் கோடும் இவர் பெயரையே தாங்கியுள்ளது. ஒரே மனிதரின் பெயர், இன்றளவும் சர்ச்சைக்குரிய ஓர் எல்லைக்கும் ஒரு கால்பந்துக் கோப்பைக்கும் நிலைத்துவிட்டது.

இந்தியாவில் நிறுத்தப்பட்டிருந்த படையணிகளுக்கு இடையே உடல்நலத்தையும் விளையாட்டு ஆர்வத்தையும் வளர்க்கும் நோக்கில் 1888-இல் சிம்லாவில் இப்போட்டி தொடங்கப்பட்டது. மலைச்சரிவுகளுக்கு நடுவே அமைந்த அன்னண்டேல் மைதானம் அதன் களமாக விளங்கியது. முதல் இறுதி ஆட்டத்தில் ராயல் ஸ்காட்ஸ் பியூசிலியர்ஸ் அணி, ஹைலேண்ட் லைட் இன்பான்ட்ரி அணியை 2-1 என்ற கணக்கில் வென்றது. இரண்டுமே ஸ்காட்லாந்துப் படையணிகள்.

தொடர்ந்து மூன்று முறை வெல்லும் அணி கோப்பையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்பது அக்கால வழக்கம். அதன்படி 1893, 1894, 1895 ஆகிய மூன்று ஆண்டுகளும் வென்ற ஹைலேண்ட் லைட் இன்பான்ட்ரி முதல் கோப்பையைத் தன்வசமாக்கிக்கொண்டது. அதற்குப் பதிலாக வழங்கப்பட்ட இரண்டாவது கோப்பையை, 1897, 1898, 1899 ஆகிய ஆண்டுகளில் வென்ற பிளாக் வாட்ச் படையணி எடுத்துச் சென்றது. அதன் பிறகு டூரண்ட் வழங்கிய மூன்றாவது கோப்பை, எத்தனை முறை வென்றாலும் எவருக்கும் சொந்தமாகாத சுழற்கோப்பையாக அறிவிக்கப்பட்டது.

சிம்லா நகரவாசிகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கிய சிம்லா கோப்பையும் சுழற்கோப்பையே. சுதந்திரத்துக்குப் பின்னர், 1956-இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவர் கோப்பையை நிறுவினார். வென்ற அணி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் கோப்பை இது ஒன்றே. இதனால் டூரண்ட் சாம்பியன் அணி ஒரே நேரத்தில் மூன்று கோப்பைகளைப் பெறுகிறது.

இந்தியக் கழகங்களின் வருகை

பிரிட்டிஷ் அணிகளை இந்தியர்கள் தோற்கடிக்க முடியும் என்பதை முதலில் உலகறியச் செய்தது கல்கத்தா. 1911 ஜூலை 29-ஆம் தேதி நடந்த ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்ஷயர் படையணியை 2-1 என்ற கணக்கில் வென்றது. மோகன் பகான் வீரர்களில் ஒருவரைத் தவிர ஏனைய அனைவரும் வெறுங்காலுடன் ஆடினர். அதே ஆண்டு டிசம்பரில்தான், நாட்டின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றப்படும் என்ற அறிவிப்பு வெளியானது.

எனினும் டூரண்ட் கோப்பை எட்டாத உயரத்திலேயே இருந்தது. சிம்லாவில் நடந்த ராணுவப் போட்டி என்பதால், பொதுமக்களின் கழகங்களுக்கு அதில் இடம் கிடைப்பதே அரிதாக இருந்தது. 1920-களில் மோகன் பகானுக்கு அழைப்பு கிடைத்த பிறகே அந்த நிலை மெல்ல மாறத் தொடங்கியது.

1930-களில் இந்தியக் கால்பந்தின் முகமாக எழுந்தது முகமதன் ஸ்போர்ட்டிங். 1891-இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட இக்கழகம், 1934-இல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. 1898-இல் தொடங்கிய அந்த லீக்கை வென்ற முதல் இந்திய அணி அதுவே. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அப்பட்டத்தை அது தக்கவைத்துக்கொண்டது. 1936-இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டையும் வென்றது.

இந்த எழுச்சிக்கு இரண்டு காரணங்கள் முதன்மையாகக் குறிப்பிடப்படுகின்றன. முதலாவது, வீரர் தேர்வு. வங்காளத்துக்குள் மட்டும் வீரர்களைத் தேடாமல், பெங்களூரு முதல் வடமேற்கு எல்லைப் பகுதி வரை நாடெங்குமிருந்து சிறந்த ஆட்டக்காரர்களை அக்கழகம் திரட்டியது. இரண்டாவது, காலணி. மழைக்காலச் சேற்றில் வெறுங்காலுடன் ஆடும் இந்திய அணிகள் பூட்ஸ் அணிந்த ராணுவ அணிகளிடம் தடுமாறுவது வாடிக்கையாக இருந்தது. ஈரமான களத்தில் வீரர்களைக் காலணியுடன் ஆடப் பழக்கியதன் மூலம் அந்தக் குறையை முகமதன் ஸ்போர்ட்டிங் களைந்தது.

அக்கழகத்தின் வெற்றி வரிசையில் இடம்பெற்றிருந்த முகமது சலீம், 1936-இல் ஸ்காட்லாந்து சென்று புகழ்பெற்ற செல்டிக் அணிக்காக இரு ஆட்டங்களில் பங்கேற்றார். கால்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு அவர் ஆடியது அங்குள்ள ரசிகர்களை வியப்பில் ஆழ்த்தியது.

போர்க்காலப் பருவம்

இரண்டாம் உலகப் போர் 1939 செப்டம்பரில் தொடங்கியதை அடுத்து, அந்த ஆண்டு டூரண்ட் கோப்பை நடைபெறவில்லை. முதல் உலகப் போரின்போதும் 1914 முதல் 1919 வரை போட்டி நின்றிருந்தது. இங்கிலாந்திலும் எஃப்.ஏ. கோப்பை நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்கு மாற்றாகப் போர்க்காலக் கோப்பை என்ற தற்காலிகப் போட்டி ஏற்பாடு செய்யப்பட்டது. 1940 ஜூன் 8-ஆம் தேதி வெம்ப்ளியில் நடந்த அதன் இறுதி ஆட்டத்தில் வெஸ்ட் ஹாம் யுனைடெட், பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணியை 1-0 என்ற கணக்கில் வென்றது. பிரெஞ்சுக் கடற்கரையின் டன்கர்க்கிலிருந்து பிரிட்டிஷ் படைகள் மீட்கப்பட்டு நான்கு நாள்களே கடந்திருந்த நேரம் அது.

தாய்நாட்டில் எஃப்.ஏ. கோப்பை முடங்கிக் கிடந்த அதே ஆண்டின் இறுதியில், இந்தியாவில் டூரண்ட் கோப்பை மீண்டும் ஆடப்பட்டது. இம்முறை களம் சிம்லா அல்ல, புதுடெல்லி.

முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு 1940 ஏற்கெனவே பொற்காலமாக அமைந்திருந்தது. முந்தைய ஆண்டு மோகன் பகானிடம் இழந்த கல்கத்தா லீக் பட்டத்தை அது மீட்டது. பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணியை 1-0 என்ற கணக்கில் வென்றது. 1937-இல் அதே ரோவர்ஸ் இறுதியில் அதே பெங்களூர் அணியிடம் தோற்றதற்கு அது ஈடாகவும் அமைந்தது. கிழக்கிலும் மேற்கிலும் வாகை சூடிய பின், எஞ்சியிருந்தது வடக்கே ராணுவத்தின் வசமிருந்த கோப்பை மட்டுமே.

களமும் எதிரணியும்

இறுதி ஆட்டம் நடந்த இர்வின் ஆம்பிதியேட்டர், பவநகர் மகாராஜாவின் நன்கொடையால் 1933-இல் எழுப்பப்பட்டது. கன்னாட் பிளேஸை வடிவமைத்த ராபர்ட் டோர் ரஸ்ஸல் அதன் கட்டடக் கலைஞர். முன்னாள் வைஸ்ராய் இர்வின் பிரபுவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இந்தியா கேட்டின் கிழக்கே, ராஜபாதை என்று பின்னர் அழைக்கப்பட்ட அச்சின் முனையில், ஆட்சியின் பெருமிதத்தைக் காட்டும் கட்டட வரிசையின் ஓர் அங்கமாக அது அமைந்தது.

எதிரணியான ராயல் வார்விக்ஷயர் படையணி 1674-இல் தொடங்கும் வரலாறு கொண்டது. பிற்காலத்தில் வட ஆப்பிரிக்கப் போரால் புகழ்பெற்ற பெர்னார்ட் மாண்ட்கோமரி தமது ராணுவ வாழ்க்கையைத் தொடங்கியது இப்படையணியில்தான். முதல் உலகப் போருக்கு முன் பம்பாயில் படைப்பிரிவின் விளையாட்டுப் பொறுப்பாளராக இருந்த அவர், அங்கு வந்திருந்த ஜெர்மன் போர்க்கப்பலின் மாலுமிகளுக்கு எதிராக முழு பலம் கொண்ட அணியைக் களமிறக்கி 40-0 என்ற கணக்கில் வென்றதாக அவரது வாழ்க்கை வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. கால்பந்தைப் பொழுதுபோக்காக மட்டும் கருதாத மரபு அப்படையணிக்கு இருந்தது.

டிசம்பர் 12

இறுதி ஆட்டத்தின் நடுவராகக் கேப்டன் ஹர்நாம் சிங் பணியாற்றினார். பிரிட்டிஷ் படையணி ஒன்று பங்கேற்ற டூரண்ட் இறுதியில் இந்தியர் ஒருவர் விசில் ஏந்தியது அக்காலத்தில் எளிதில் நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. களத்தில் ஆங்கிலேய வீரர்களின் தவறுக்குத் தண்டனை வழங்கும் அதிகாரம் இந்தியரிடம் இருந்தது.

ஆட்டம் 2-1 என்று முடிந்தது. 1888-இல் நடந்த முதல் இறுதி ஆட்டத்தின் கோல் கணக்கும், 1911-இல் மோகன் பகான் பெற்ற வெற்றியின் கோல் கணக்கும் இதுவே.

அந்த வாரத்தில் இந்திய வீரர்கள் வேறொரு களத்திலும் செய்தியாகியிருந்தனர். டிசம்பர் 9-ஆம் தேதி எகிப்தில் இத்தாலியப் படைகளுக்கு எதிராகத் தொடங்கிய தாக்குதலில், இந்திய ராணுவத்தின் 4-ஆவது டிவிஷன் முன்னணியில் நின்று சிதி பர்ரானியைக் கைப்பற்ற உதவியது. பாலைவனத்தில் பிரிட்டனுடன் தோள் சேர்ந்து போரிட்ட நாடு, அதே வாரத்தில் டெல்லிப் புல்தரையில் பிரிட்டிஷ் படையணியைத் தோற்கடித்தது.

யாருடைய வெற்றி?

இந்த வெற்றியை இந்திய வெற்றி என்று மட்டும் எழுதிக் கடந்துவிட முடியாது. 1940 அரசியல் கொந்தளிப்பு மிகுந்த ஆண்டு. மார்ச் மாதம் லாகூரில் கூடிய முஸ்லிம் லீக் மாநாடு, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள பகுதிகளுக்குத் தனி அரசுரிமை கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. அத்தீர்மானத்தை முன்மொழிந்தவர் வங்காளப் பிரதமர் ஃபஸ்லுல் ஹக். அக்டோபரில் காந்தியடிகள் தனிநபர் சத்தியாகிரகத்தைத் தொடங்க, முதல் சத்தியாகிரகியாக வினோபா பாவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

விளையாட்டும் இந்தப் பிளவிலிருந்து தப்பவில்லை. பம்பாயில் இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர்கள், ஏனையோர் என்று மத, இன அடிப்படையில் அணி பிரித்து ஆடப்பட்ட ஐந்தணிக் கிரிக்கெட் போட்டியை விமர்சித்து, அதே 1940 டிசம்பரில் காந்தியடிகள் கருத்து வெளியிட்டார். கல்லூரிகளுக்கும் நிறுவனங்களுக்கும் இடையே போட்டி நடத்துவதைப் புரிந்துகொள்ள முடிகிறது, மதத்தின் பெயரால் அணி அமைப்பது ஏன் என்பது அவரது வினா. போராட்டங்களுக்கும் விவாதங்களுக்கும் பின் அந்தக் கிரிக்கெட் போட்டி 1946-இல் முடிவுக்கு வந்தது.

இந்தச் சூழலில் முகமதன் ஸ்போர்ட்டிங் பெற்ற வெற்றி இருவகையாக வாசிக்கப்பட்டது. ஆட்சியாளர்களின் படையணியை இந்திய அணி வீழ்த்தியதாக ஒரு தரப்பினர் மகிழ்ந்தனர். முஸ்லிம் சமூகத்தின் திறமைக்குக் கிடைத்த அங்கீகாரமாக மற்றொரு தரப்பினர் கொண்டாடினர். இரண்டு உணர்வுகளும் ஒரே மனிதரிடம் இருந்திருக்கவும் இடமுண்டு. ஏழே ஆண்டுகளில் நாடு பிரிந்தபோது, அக்கழகத்தை ஆதரித்த மக்களும் எல்லையின் இருபுறமும் பிரிந்தனர். கழகம் கல்கத்தாவிலேயே நீடித்தது. எல்லாச் சமூகங்களையும் சேர்ந்த வீரர்கள் பிற்காலத்தில் அதற்காக ஆடினர்.

கோப்பை யாருக்கு?

1941 முதல் 1949 வரை டூரண்ட் கோப்பை நடைபெறவில்லை. நாட்டுப் பிரிவினையின்போது ராணுவத் தளவாடங்கள், கோப்புகள், இசைக்கருவிகள் வரை அனைத்தும் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டன. ராணுவத்தின் பொறுப்பில் இருந்த டூரண்ட் கோப்பையும் பாகிஸ்தானுக்குச் செல்லும் வாய்ப்பு எழுந்ததாகவும், பாதுகாப்புத் துறைச் செயலாளராக இருந்த எச்.எம்.பட்டேலின் தலையீட்டால் அது இந்தியாவிலேயே தங்கியதாகவும் போட்டியின் வரலாற்றில் கூறப்படுகிறது.

1950-இல் டெல்லியில் போட்டி மீண்டும் தொடங்கியது. சையது அப்துல் ரஹீம் பயிற்சி அளித்த ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி, இறுதி ஆட்டத்தில் மோகன் பகானுடன் 2-2 எனச் சமன் செய்து, மறு ஆட்டத்தில் 1-0 என்ற கணக்கில் வென்றது. அதற்கு அடுத்த ஆண்டு, 1940-இன் இறுதி ஆட்டம் நடந்த அதே அரங்கில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. ரஹீமின் பயிற்சியில் இந்தியக் கால்பந்து அணி ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றது.

வெலிங்டனுக்குச் சென்ற கோப்பை

தமிழ்நாட்டுக்கும் டூரண்ட் கோப்பைக்கும் உள்ள தொடர்பு நீலகிரியில் உள்ளது. குன்னூர் அருகே வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி, 1955-இல் இந்திய விமானப்படை அணியை 3-2 என்ற கணக்கில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. 1958-இல் கூர்க்கா பிரிகேட் அணியை 2-0 என வென்று இரண்டாவது முறையும் வாகை சூடியது. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் படையணிகள் மட்டுமே ஏந்திய கோப்பையை, 1758-ஆம் ஆண்டு வரை நீளும் வரலாறு கொண்ட மதராஸ் ரெஜிமெண்டின் வீரர்கள் நீலகிரி மலைக்கு எடுத்துச் சென்றனர்.

இரு வெற்றிகளிலும் பங்கு வகித்தவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து ராணுவத்தில் சேர்ந்த அவர், பின்னர் நாட்டின் தலைசிறந்த கோல் கீப்பராக உயர்ந்தார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளுக்கான இந்திய அணிகளிலும், 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இடம்பெற்றார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெரும் கழகங்களுக்காகவும் ஆடியவர் அவர்.

73 ஆண்டுகளுக்குப் பின்

முதல் இந்திய சாம்பியனுக்கு இரண்டாவது கோப்பை கிடைக்க 73 ஆண்டுகள் ஆயின. 2013-இல் டெல்லி அம்பேத்கர் அரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் முகமதன் ஸ்போர்ட்டிங், ஓ.என்.ஜி.சி. அணியை 2-1 என்ற கணக்கில் வென்றது. நகரமும் கோல் கணக்கும் 1940-இல் இருந்தவையே. 2021-இல் மீண்டும் இறுதிக்கு முன்னேறிய அக்கழகம் எஃப்.சி. கோவாவிடம் 0-1 எனத் தோற்றது. 2023-24 பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்று இந்தியன் சூப்பர் லீக்கில் நுழைந்தது.

போட்டியின் வடிவமும் மாறிவிட்டது. 24 அணிகள் ஆறு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு முதலில் லீக் முறையில் மோதுகின்றன. காலிறுதியிலிருந்தே நாக்-அவுட் தொடங்குகிறது. சமனில் முடிந்தால் மறு ஆட்டம் என்ற பழைய முறை மறைந்து, பெனால்டி வாய்ப்புகள் முடிவைத் தீர்மானிக்கின்றன. 1960-இல் மறு ஆட்டமும் சமனானதால் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டது போன்ற நிலை இனி ஏற்படாது. எஃப்.ஏ. கோப்பையிலும் 2024-25 பருவம் முதல் முதன்மைச் சுற்றுகளில் மறு ஆட்டம் கைவிடப்பட்டுள்ளது.

மிக முக்கியமான மாற்றம் களம் சார்ந்தது. பல பத்தாண்டுகள் டெல்லி கேட் அருகே உள்ள அம்பேத்கர் அரங்கைத் தாயகமாகக் கொண்டிருந்த டூரண்ட் கோப்பை, 2019 முதல் கொல்கத்தாவை மையமாகக் கொண்டு நடத்தப்படுகிறது. 2025-ஆம் ஆண்டின் 134-ஆவது பருவம் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், மேகாலயா, மணிப்பூர் ஆகிய மாநிலங்களில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணி டைமண்ட் ஹார்பர் அணியை 6-1 என வீழ்த்தி, தொடர்ந்து இரண்டாவது முறையாகக் கோப்பையைத் தக்கவைத்தது. முதல் இந்திய வெற்றியைக் கண்ட டெல்லியில் அப்பருவத்தின் ஓர் ஆட்டம்கூட நடைபெறவில்லை.

முக்கிய ஆண்டுகள்

1888: சிம்லாவில் டூரண்ட் கோப்பை தொடக்கம், ராயல் ஸ்காட்ஸ் பியூசிலியர்ஸ் முதல் சாம்பியன்.

1899: பிளாக் வாட்ச் தொடர்ந்து மூன்றாவது முறை வெற்றி, பின்னர் நிரந்தரச் சுழற்கோப்பை அறிமுகம்.

1914-1919: முதல் உலகப் போர் காரணமாகப் போட்டி நிறுத்தம்.

1940: போட்டி டெல்லிக்கு மாற்றம், முகமதன் ஸ்போர்ட்டிங் முதல் இந்திய சாம்பியன்.

1941-1949: போட்டி நடைபெறவில்லை.

1950: சுதந்திர இந்தியாவின் முதல் டூரண்ட் கோப்பை, ஹைதராபாத் நகரக் காவல்துறை வெற்றி.

1955, 1958: வெலிங்டன் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் சாம்பியன்.

1956: குடியரசுத் தலைவர் கோப்பை அறிமுகம்.

1962: சீனப் போர் காரணமாகப் போட்டி ரத்து.

2013: முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு இரண்டாவது கோப்பை.

2019: போட்டி கொல்கத்தாவுக்கு மாற்றம், கோகுலம் கேரளா சாம்பியன்.

2023: மோகன் பகான் 17-ஆவது முறையாக வென்று, அதிக முறை கோப்பை வென்ற அணி என்ற சாதனை.

2024, 2025: நார்த்ஈஸ்ட் யுனைடெட் தொடர்ந்து இருமுறை சாம்பியன்.